சலவை இயந்திரத்தில் மோட்டார் சென்சார் பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணியைப் போட்டுக் கதவை மூடிப் பொத்தானை அழுத்தியதும் தண்ணீர் ஒழுங்காக நிரம்புகிறது. அதன் பிறகு டிரம் இரண்டு முறை வெட்டி இழுத்துவிட்டு நின்றுவிடுகிறது, திரையில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னத் தொடங்குகின்றன. இப்படி ஒரு நாள் வரும்போது கேட்கப்படும் கேள்விகளை, மல்டிமீட்டரைக் கையாளத் தெரிந்த, ஆனால் சலவை இயந்திரத்தைத் திறந்து பழக்கமில்லாத ஒருவரை மனத்தில் வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

மோட்டார் சென்சார் என்பது என்ன? அது இல்லாமல் மோட்டார் சுற்றாதா?

மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, சில வகைகளில் ரோட்டர் (மோட்டாரின் சுற்றும் பகுதி) இந்த நொடியில் எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு போர்டுக்குத் தெரிவிக்கும் சிறு பாகமே மோட்டார் சென்சார். துவைக்கும்போது டிரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 சுற்றுகள் சுற்ற வேண்டும். பிழியும்போது அதே டிரம் 1000 சுற்றுகளையும் தாண்ட வேண்டும். உள்ளே இரண்டு சட்டை இருந்தாலும், தண்ணீரில் ஊறிக் கனத்த போர்வை இருந்தாலும், வேகம் கேட்டபடி இருக்க வேண்டும். போர்டு மின்சாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சென்சார் தரும் தகவலைப் பார்த்துத்தான். அந்தத் தகவல் நின்றுவிட்டால், சுற்றும் திறன் மோட்டாருக்கு முழுமையாக இருந்தபோதும், போர்டு அதை ஓட விடாது.

என் இயந்திரத்தில் எந்த வகைச் சென்சார் இருக்கிறது?

பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரிய சக்கரம் ஒன்றும், அதிலிருந்து கீழே உள்ள மோட்டாருக்குச் செல்லும் பெல்ட்டும் தெரிந்தால், மோட்டாரின் இருபுறத்திலும் கார்பன் பிரஷ் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ் இருந்தால் அது யுனிவர்சல் மோட்டார். அதன் தண்டின் பின்முனையில் ஒரு வட்டக் காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் இருக்கும். அந்தச் சுருளைத்தான் டேக்கோ என்கிறோம். காந்தம் சுற்றச் சுற்றச் சுருளில் மாறுதிசை மின்னழுத்தம் பிறக்கிறது. வேகம் கூடினால் அழுத்தமும் கூடும், அதிர்வெண்ணும் கூடும். சைக்கிள் டைனமோ வேலை செய்யும் விதம்தான் இது.

பெல்ட்டே இல்லாமல், அகன்ற தட்டுப் போன்ற ரோட்டர் நேரடியாக டிரம்மின் தண்டில் மாட்டியிருந்தால், அது நேரடி இயக்க மோட்டார். இதில் காந்தங்கள் ரோட்டரின் உள்விளிம்பில் ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் செம்புச் சுருள்கள் வரிசையாக இருக்கும். அந்த ஸ்டேட்டரின் ஓரத்தில் விரல் நீளமே உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகப்பட்டிருக்கும். அதுதான் ஹால் சென்சார். எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவின் பெயரே இதற்கு வந்தது: மின்சாரம் ஓடும் பொருளுக்குக் குறுக்கே காந்தப்புலம் வந்தால் அதன் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும்.

பெல்ட்டும் உண்டு, பிரஷ் மட்டும் இல்லை, மூன்று தடித்த வயர்கள் மோட்டாருக்குப் போகின்றன என்றால், பெரும்பாலும் அது இன்வெர்ட்டரால் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) இயங்கும் மூன்று கட்ட மோட்டார். இவற்றுள் சிலவற்றில் சென்சார் உண்டு. சிலவற்றில் மோட்டாரின் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து போர்டே வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். கப்பாசிட்டருடன் ஓடும் பழைய மேல்திறப்பு இயந்திரங்கள் பலவற்றிலும், இரட்டைத் தொட்டி இயந்திரங்களிலும் இப்படிப்பட்ட சென்சாரே கிடையாது. இல்லாத பாகத்தைத் தேடி அரை நாளைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

திரையில் மோட்டார் பிழைக் குறியீடு வந்துவிட்டது. சென்சார் போய்விட்டது என்று முடிவு செய்யலாமா?

கூடாது. எல்ஜி இயந்திரங்களில் ‘எல்இ’ என்றும், சாம்சங் இயந்திரங்களில் ‘3இ’ அல்லது ‘3சி’ என்றும் வரும் குறியீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றச் சொல்லியும் எதிர்பார்த்த சுற்று கிடைக்கவில்லை என்பதுதான் போர்டுக்குத் தெரிந்த செய்தி. அதைத் தாண்டி எதையும் அது கண்ணால் பார்க்கவில்லை. டிரம்முக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு காலுறை சிக்கியிருந்தாலும், பேரிங் இறுகியிருந்தாலும், பெல்ட் கழன்றிருந்தாலும், அளவுக்கு மீறித் துணி திணித்திருந்தாலும், வயர் அறுந்திருந்தாலும், சென்சாரே செத்திருந்தாலும், போர்டுக்கு வந்து சேரும் செய்தி ஏறத்தாழ ஒன்றுதான். குறியீட்டைப் பார்த்த கையோடு சென்சாரை வாங்கி மாட்டுவது, இருமலைக் கேட்ட கையோடு நெஞ்சைத் திறப்பது போன்றது.

சென்சார் பழுதை மட்டும் தனியே காட்டிக்கொடுக்கும் அறிகுறி ஏதாவது உண்டா?

முழு உறுதி தரும் அறிகுறி இல்லை. ஆனால் சந்தேகத்தைக் குறுக்கும் அறிகுறிகள் உண்டு, அவை மோட்டாரின் வகைக்கேற்ப வேறுபடும்.

டேக்கோ உள்ள மோட்டாரில், டிரம் திடீரென்று வேகமெடுத்துப் பாய்ந்து, ஓரிரு நொடிகளில் நின்று, மறுபடியும் அதேபோல் பாய்ந்தால், அது வலுவான தடயம். சென்சாரிடமிருந்து பதில் வராததால் மோட்டார் இன்னும் சுற்றவில்லை என்று எண்ணிப் போர்டு மின்சாரத்தை மேலும் மேலும் திறந்துவிடுகிறது. பிறகு தன்னைத்தானே காத்துக்கொள்ள நிறுத்திவிடுகிறது. மோட்டார் உயிரோடு இருப்பதற்கும் அதன் வேகம் மட்டும் போர்டுக்கு எட்டவில்லை என்பதற்கும் இந்தப் பாய்ச்சலே சாட்சி. மாறாக, டிரம் அசையவே இல்லை, மோட்டாரிலிருந்து எந்த ஒலியும் இல்லை என்றால், நான் முதலில் கார்பன் பிரஷ்ஷைத்தான் பார்ப்பேன்.

ஹால் சென்சார் உள்ள மோட்டாரில், டிரம் ஒரு விரற்கடை அளவு முன்னும் பின்னும் துடித்து, ‘உர்’ என்ற உறுமலுடன் நின்றுவிடும். ரோட்டர் எங்கே நிற்கிறது என்று தெரியாத போர்டு, தவறான சுருளுக்கு மின்சாரம் கொடுக்கிறது. ஸ்டேட்டரின் மூன்று கட்டங்களில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் இதே துடிப்புத்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

பிழியும் கட்டத்தில் மட்டும் நின்றுவிடுகிறது, துணி சமநிலையில் இல்லை என்று காட்டுகிறது. இதற்கும் சென்சாருக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். பிழியத் தொடங்கும் முன் டிரம்மை மிதமான வேகத்தில் சுற்றவிட்டு, ஒரு சுற்றுக்குள் வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் கொண்டே துணி ஒரு பக்கம் குவிந்திருக்கிறதா என்று கணிக்கும் இயந்திரங்கள் பல உள்ளன. சென்சார் தரும் வேகமே தடுமாறினால், துணி சீராகப் பரவியிருந்தாலும் குவிந்துவிட்டதாகத்தான் தோன்றும். வெறும் டிரம்மை வைத்துப் பிழியும் ஓட்டத்தை ஓடவிட்டுப் பாருங்கள். துணியே இல்லாதபோதும் சமநிலைப் புகார் வந்தால் சஸ்பென்ஷன் (தொட்டியைத் தாங்கி அதிர்வை அடக்கும் அமைப்பு), பேரிங், சென்சார் என்ற மூன்றின் பக்கம் கவனத்தைத் திருப்பலாம்.

திறப்பதற்கு முன் என்ன எச்சரிக்கை தேவை?

பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இன்வெர்ட்டர் போர்டில் 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டில் கப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் அது உடனே வடிந்துவிடுவதில்லை. பத்து நிமிடம் காத்திருந்து, போர்டைத் தொட வேண்டியிருந்தால் மீட்டரால் அளந்து, அழுத்தம் வடிந்ததை உறுதி செய்துகொண்டு தொடுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. சென்சாருக்குச் செல்வது 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோதான் என்ற தைரியத்தில் இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டே அந்த வயர்களைத் தொடுவோர் இருக்கிறார்கள். ஆனால் பல போர்டுகளில் அந்தக் குறைந்த மின்னழுத்தப் பகுதி வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. சென்சாரின் இரு வயர்களுக்கு இடையே 5 வோல்ட்தான் இருக்கும்; அந்த வயர்களுக்கும் தரைக்கும் இடையே உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் இயந்திரத்தைத் திறந்து செய்யச் சொல்லும் சோதனைகள் எல்லாமே பிளக்கை உருவிய நிலையில் செய்ய வேண்டியவை.

நேரடி இயக்க மோட்டாரின் ரோட்டரைக் கழற்றும்போது விரல்களிலும் கவனம் தேவை. அதன் காந்தங்கள் ஸ்டேட்டரை நோக்கிச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

மீட்டரை எடுப்பதற்கு முன் கையால் எதைப் பார்க்க வேண்டும்?

டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இந்த ஒரே செயல் தரும் தகவல் அதிகம் என்பதால் அவசரப்பட வேண்டாம். பெல்ட் உள்ள இயந்திரத்தில், டிரம்மைச் சுற்றும்போது கீழே மோட்டாரும் சேர்ந்து சுற்ற வேண்டும். டிரம் மட்டும் காற்றாடி போல் சுற்றினால் பெல்ட் கழன்றிருக்கிறது. கரகரவென்ற ஒலி கேட்டால் பேரிங். ஓரிடத்தில் மட்டும் தட்டுப்பட்டால், இடையில் ஏதோ சிக்கியிருக்கிறது.

நேரடி இயக்க இயந்திரத்தில் டிரம் இறுக்கமாக, படிப்படியாக வெட்டிக்கொண்டு சுற்றினால், போர்டிலிருந்து மோட்டாருக்கு வரும் மூன்று வயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். கழற்றியதும் இலேசாகிவிட்டால், மோட்டாரின் மேல் குற்றம் இல்லை. போர்டில் உள்ள பவர் மாட்யூல் (மோட்டாரின் சுருள்களுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் பாகம்) உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, சுருள்களை ஒன்றோடொன்று இணைத்துப் பிரேக் போட்டிருக்கிறது. கழற்றிய பிறகும் இறுக்கம் அப்படியே இருந்தால், சுருள் ஷார்ட் ஆகியிருக்கலாம் அல்லது பேரிங் பிடித்திருக்கலாம். இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் சென்சாரை மாற்றியவர்கள் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

டேக்கோவை எப்படிச் சோதிப்பது?

மோட்டாரில் செருகியிருக்கும் கனெக்டரை உருவினால் ஆறு முதல் பத்து ஊசிகள் வரை தெரியும். பிரஷ்ஷுக்கு இரண்டு, ஸ்டேட்டர் சுருளுக்கு இரண்டு அல்லது மூன்று, சிலவற்றில் வெப்பக் காப்புச் சுவிட்சுக்கு இரண்டு, டேக்கோவுக்கு இரண்டு. டேக்கோ ஊசிகளைக் கண்டுபிடிக்க, மோட்டாரின் பின்முனையிலுள்ள சிறு சுருளிலிருந்து வரும் மெல்லிய வயர்களைக் கண்ணால் தொடர்ந்து வாருங்கள்.

மீட்டரை ஓம் அளவில் வைத்து அந்த இரு ஊசிகளைத் தொடும்போது பல பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை ஏதோ ஒரு மதிப்பு வர வேண்டும். மாடலுக்கு மாடல் இது மாறும். உங்கள் மோட்டாருக்கு உரிய எண் கையேட்டில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட் ஆகியிருக்கிறது.

ஓம் சரியாக இருப்பதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்து மீட்டரை மாறுதிசை வோல்ட்டின் மிகச் சிறிய அளவுக்கு மாற்றி, அதே ஊசிகளில் பிடித்துக்கொண்டு, பெல்ட் மாட்டியிருக்கும் நிலையிலேயே டிரம்மை இன்னொருவர் கையால் வேகமாகச் சுழற்றட்டும். டிரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றும் என்பதால், கையால் தரும் வேகமே போதும். மீட்டரில் எண் எழுந்து, டிரம் வேகம் தணியத் தணிய இறங்க வேண்டும். சுருளின் ஓம் சரியாக இருந்தும் வோல்ட் எழவில்லை என்றால் காந்தத்தைப் பாருங்கள். மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, அந்த வட்டக் காந்தத்தை விரலால் திருப்பிப் பாருங்கள்: தண்டோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். தளர்ந்தோ விரிசல் விட்டோ இருந்தால் அது தண்டின் வேகத்தில் சுற்றாது. சில நேரம் சுருளைப் பிடித்திருக்கும் கிளிப் அதிர்வில் கழன்று, சுருளே காந்தத்தை விட்டு விலகிக் கிடக்கும். அதைப் பழைய இடத்தில் அழுத்தி உட்கார வைத்தால் செலவில்லாமல் வேலை முடிந்துவிடும்.

ஹால் சென்சாரையும் ஓம் வைத்தே சோதிக்கலாமா?

அதனால் தெளிவான முடிவு கிடைக்காது. ஹால் சென்சாருக்குள் இருப்பது ஒரு சிறு ஐசி. அதன் ஓம் மதிப்பு மீட்டருக்கு மீட்டர், முனையை மாற்றிப் பிடித்தால் கூட, வேறாக வரும். அதற்கு மின்சாரம் கொடுத்துக் காந்தத்தைக் காட்டினால்தான் உண்மை வெளிவரும்.

அதற்கு முன், எளிதில் முடியும் வேலை என்பதால், ஸ்டேட்டரைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மூன்று தடித்த வயர்களில் இரண்டிரண்டாக மூன்று முறை அளந்தால் மூன்று எண்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பெரும்பாலான மோட்டார்களில் அவை சில ஓம்கள்தான். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் சமமா என்பதே முக்கியம். எந்த வயருக்கும் உலோகச் சட்டகத்திற்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது.

இனி சென்சார். சென்சார் கனெக்டரை போர்டுப் பக்கத்திலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிட்டு, தனியான 5 வோல்ட் நேர்மின்சாரத்தை அதன் நேர்முனைக்கும் தரைமுனைக்கும் கொடுங்கள். கைப்பேசி சார்ஜரின் பழைய கேபிளை வெட்டி நான் இதற்கென்றே வைத்திருக்கிறேன். எந்த ஊசி நேர்முனை, எது தரை என்பது உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதியான பின்னரே கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் நல்ல சென்சாரும் அந்த நொடியே செத்துவிடும். சென்சாரின் சிக்னல் முனை பெரும்பாலும் தானாக மின்னழுத்தம் தராது, தரையோடு சேர்க்கவும் விடவும் மட்டுமே செய்யும். ஆகவே நேர்முனைக்கும் சிக்னல் முனைக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மீட்டரைச் சிக்னல் முனைக்கும் தரைக்கும் இடையே வைத்து, ரோட்டரைக் கையால் மிக மெதுவாக, கடிகார முள் நகர்வதுபோல் நகர்த்துங்கள். மீட்டர் 5 வோல்ட்டை ஒட்டியும், பூஜ்யத்தை ஒட்டியும் மாறி மாறித் தாவ வேண்டும். இடைப்பட்ட மதிப்புகளில் ஊசலாடக் கூடாது. எத்தனை சிக்னல் முனைகள் உண்டோ, அத்தனையிலும் இதைப் பாருங்கள். இரண்டில் ஒன்று தாவி, மற்றொன்று அசையாமல் ஒரே எண்ணில் நின்றுவிட்டால், உங்கள் தேடல் முடிந்தது.

சென்சார் நன்றாக இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. பிழை மட்டும் போகவில்லையே?

வயரைப் பாருங்கள். என் வீட்டு இயந்திரத்திலேயே நடந்தது இது. பிழிதல் தொடங்கினால் பிழை, துவைக்கும்போது இல்லை. டேக்கோவை மாற்றினேன், பயனில்லை. வயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் ‘பீப்’ என்று தடையின்றி ஒலித்தது. ஒரு மாதம் கழித்து, வேறு வேலைக்காகத் தகட்டைத் திறந்திருந்தபோது, மீட்டரை வயரில் மாட்டிவிட்டுத் தொட்டியைத் தோளால் பக்கவாட்டில் தள்ளினேன். பீப் விட்டு விட்டு ஒலித்தது. தொட்டியிலிருந்து சட்டகத்திற்கு வயர்க்கட்டு தாவும் இடத்தில், வெளி உறை பளபளவென்று முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் முறிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. தொட்டி அசையாதவரை தொடர்பு இருந்தது. பிழியும் அதிர்வில் அறுந்தது. இருபது ஆண்டுகளாக மீட்டர் பிடிக்கும் எனக்கே அது ஒரு மாதக் கூத்து.

ஆகவே தொடர்புச் சோதனையை வயரை வளைத்துக்கொண்டும், தொட்டியை ஆட்டிக்கொண்டும் செய்யுங்கள். கனெக்டர்களை உருவி, ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா, ஏதாவது ஊசி உள்வாங்கியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். எலி புகும் இடமாக இருந்தால், வயர்க்கட்டின் அடிப்பகுதியையும் பார்க்க மறவாதீர்கள்.

இரண்டு நாள் ஓடுகிறது, மூன்றாம் நாள் நிற்கிறது. ஏன்?

சூடும் ஈரமுமே பெரும்பாலும் காரணம். டேக்கோச் சுருள் குளிர்ந்திருக்கும்போது சரியாகவும், மோட்டார் சூடேறியதும் உள்ளே விரிந்து அறுந்தும் போகலாம். தலைமுடி உலர்த்தியால் மிதமாகச் சூடேற்றிக்கொண்டே ஓம் அளந்தால் பிடிபட்டுவிடும். நேரடி இயக்க மோட்டாரில், டிரம் தண்டின் சீல் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்து, சொட்டுச் சொட்டாக வடியும் தண்ணீர் ஸ்டேட்டர் மேலும் ஹால் சென்சார் மேலும் விழும். ரோட்டரைக் கழற்றியதும் துருப்பிடித்த கோடு மேலிருந்து கீழே இறங்கியிருப்பதைக் கண்டால், சென்சாரை மட்டும் மாற்றிப் பயனில்லை. சீலும் பேரிங்கும் மாற்றப்படாவிட்டால் புதிய சென்சாரும் அதே தண்ணீரில் போய்விடும்.

சென்சாரைக் கழற்றிவிட்டு நேரடியாக ஓட்டலாமா?

வேண்டாம். யுனிவர்சல் மோட்டாருக்குக் கட்டுப்பாடில்லாமல் மின்சாரம் கொடுத்தால் சுமையில்லாத நிலையில் அதன் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஈரத் துணியுடன் டிரம் அந்த வேகத்தில் சுற்றுவது பெரிய விபத்து.

போர்டைச் சந்தேகிப்பது எப்போது?

எல்லாவற்றுக்கும் கடைசியில். சென்சார், மோட்டார், வயர், கனெக்டர் ஆகிய நான்கும் சோதனையில் தேறிய பிறகும் பிழை தொடர்ந்தால்தான் போர்டின் பக்கம் திரும்ப வேண்டும். டேக்கோ வகையில், பொத்தானை அழுத்தியதும், போர்டு ஓடச் சொல்வதற்கு முன்பே மோட்டார் முழு வேகத்தில் பாய்ந்தால், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கொள்ளலாம். மற்றபடி போர்டை உயிரோடு சோதிப்பது, முன்பு சொன்ன மின்னழுத்த ஆபத்தால், அந்த வேலையில் பழகியவரிடம் விடவேண்டிய ஒன்று.

புதிய சென்சாரை மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் ஹால் சென்சார்களில் ஊசிகளின் வரிசை மாறியிருக்கலாம். ஆகையால் உருவத்தைப் பார்த்து வாங்காமல், இயந்திரத்தின் முழு மாடல் எண்ணைக் கொடுத்தே வாங்குங்கள். கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஹால் சென்சாரின் பிளாஸ்டிக் கொக்கிகள் ஸ்டேட்டரில் ‘டக்’ என்று உட்கார வேண்டும். சற்றே தூக்கியிருந்தாலும் சுற்றும் ரோட்டர் அதை உரசிவிடும். ரோட்டரைத் திரும்ப மாட்டியதும், பிளக்கைச் செருகும் முன், கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, உரசல் ஒலி இல்லை என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பின்பக்கத் தகட்டை மூடி, துணி இல்லாமல், தண்ணீர் வடித்துப் பிழியும் ஓட்டத்தை மட்டும் ஒருமுறை முழுதாக ஓடவிட்டு, அது தடையின்றி முடிகிறதா என்று பாருங்கள்.